இன்றைக்கு யாருக்குக் காயம்

ஏப்ரல் 3

பேசாமல் இருந்தது போதும். பதினெட்டு வருடமாக இந்தக் கழகத்தின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். பரிசளிப்பு மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டதில்லை. நாற்பதாம் ஆண்டு மலரில் ‘பயிற்சியாளர்’ என்ற இடத்தில் தலைவருடைய மைத்துனரின் படம் வந்தது. அச்சுப்பிழை என்றார்கள். படத்தில் எப்படி அச்சுப்பிழை வரும் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்கப் போகிறேன், இந்தப் பக்கங்களிலாவது.

இன்று கமிட்டிக் கூட்டம். மே கடைசியில் பொன்விழாப் போட்டி. மின்னொளி ஆட்டங்கள், ஆறு அணிகள், அமைச்சர் கையால் கோப்பை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: பன்னிரண்டு பேரும் முகாமில் இருக்க வேண்டும், பன்னிரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி.

தலைவர் குழந்தைவேல் சிரித்தார். நூல் மில் முதலாளி, சிரிப்பிலும் கணக்கு இருக்கும்.

“ஆடறது அஞ்சு பேருதானுங்க மாஸ்டர். மிச்ச ஏழு பேரு தண்ணி பாட்டலு எடுத்துக் குடுக்கறதுக்குங்களா? எட்டு பேரு போதும்.”

“போன வருசம் அரையிறுதியில என்ன ஆச்சுங்க?”

“அன்னைக்கு நமக்கு நேரம் செரியில்ல.”

நேரம் சரியாகத்தான் இருந்தது. பந்தை நடத்திப் போகும் பையனுக்குக் கணுக்கால் புரண்டது. அப்போது நாங்கள் பதினொரு புள்ளி முன்னால் இருந்தோம். அவன் இடத்தில் நின்று பழகியவன் அணியில் ஒருவன்கூட இல்லை. யார் யாருக்குப் பந்து கொடுப்பது என்று தெரியாமல் நான்கு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், தோற்றோம். கணுக்கால் புரளும், முட்டி வீங்கும். இந்த ஆட்டத்தில் அதெல்லாம் விபத்தே அல்ல, வரவேண்டியது வருகிறது. கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியன் நான், என் எம்.ஃபில். ஆய்வே இதைப் பற்றியதுதான். கழக அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தேன். ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு என்று ஒத்துக்கொள்ள வைத்த பிறகுதான் எழுந்தேன். கூடுதல் நான்கு பேருக்கும் என் வீட்டில் சாப்பாடு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி கோகிலாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4

சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 6

முகாம் தொடங்கியது. கிழிந்த வலையை மாற்றிக் கட்டினேன். தெற்குப் பக்கப் பலகையின் போல்ட்டை முடுக்கினேன். இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஒரு ஆள் இருக்கிறான். தலைவர் வீட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருப்பான்.

பையன்களை வட்டமாக உட்கார வைத்து என் தொப்பியைக் காட்டினேன். உள்ளே பன்னிரண்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவன் பெயர். பயிற்சி ஆட்டத்தின் நடுவில் விசில் ஊதி ஒரு சீட்டை எடுப்பேன். யார் பெயர் வருகிறதோ அவன் அந்தக் கணத்தில் காயம்பட்டவன். கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். மற்றவர்கள் நிற்காமல் அதே ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

குள்ளன் பாசித் கையைத் தூக்கினான். அவனுக்கு வாய் நீளம். “மாஸ்டர், எம்பேரு வந்தா வீட்டுக்குப் போயிரலாங்களா?”

“உக்காந்து பாக்கணும். உன் எடத்துல நிக்கறவன் என்ன தப்புப் பண்றான்னு எங்கிட்டச் சொல்லணும்.”

“காயமானாலும் உட மாட்டீங்களா?”

முதல் சீட்டில் யுகேந்திரன் பெயர் வந்தது. ஆறடி ஐந்தங்குலம், கூடைக்குக் கீழே நிற்பவன், பொன்விழா போஸ்டர் முழுவதும் அவன் முகம்தான். அவன் வெளியே போனதும் மற்றவர்கள் பழக்கத்தில் அவன் இடத்துக்கே பந்தை எறிந்தார்கள். மூன்று முறை பந்து காலி இடத்தைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு ஓடியது. அவர்களே பார்த்தார்கள்.

ஏப்ரல் 11

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேர் முழுதாகத் தெரிந்தவர்கள் வேண்டும். மூன்றாவதாக ஒருவனுக்கு எங்கே நிற்பது என்றாவது தெரிய வேண்டும். என் திட்டம் முழுவதும் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், செய்ய இரண்டு மாதம் வேண்டும். எந்தத் தலைவரும் இரண்டு மாதம் பொறுப்பதில்லை.

இன்று பாசித்தை யுகேந்திரனுக்கு எதிரே கூடைக்குக் கீழே நிறுத்தினேன். இடுப்பைத் தாழ்த்தி முதுகால் தள்ளச் சொன்னேன்.

“மாஸ்டர், இது செவுத்தைத் தள்ற மாதிரி இருக்குதுங்க.”

“செவுரு நகராதுடா. நான் நகருவேன், தள்ளு” என்றான் யுகேந்திரன். நல்ல பையன். அவனை எனக்குப் பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காகக் கற்றுக்கொள்பவன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் பழக்குகிறேன். ஆள் மாற்ற வேண்டுமென்றால் உள்ளே போகிறவனே ஸ்கோர் குறிப்பவர்களின் மேஜைக்கு நடந்து போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் விதி. மற்ற அணிகளில் கோச் முதுகில் தட்டும் வரை பையன் அசைய மாட்டான். என் பையன்களுக்கு யார் எப்போது எழுந்து யாருக்குப் பதில் போவது என்பது மனப்பாடம். ஒருவனுக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்தால் அடுத்து யார், ஒருவன் மூச்சு வாங்கினால் யார், எல்லாம் கேட்டால் ஒப்பிப்பார்கள். மேஜைக்குப் பதிலாகக் கோகிலாவின் தையல் மெஷினை மைதானத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். அவள் இப்போது பேசுகிறாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கழகத்தில் பூஜை. பொங்கல் பிரசாதம் கையில் இருக்கும்போதே தலைவர் பிடித்துக்கொண்டார்.

“என்னமோ சீட்டுப் போடறீங்களாமா? இன்னைக்கு யாருக்குக் காயம்னு?”

“ஆமாங்க.”

“நல்ல நாளும் அதுவுமா வாயில வர்ற வார்த்தைங்களா அது? வெளையாடப் போற பையன் பேர எழுதி, அடிபடும்னு குலுக்கிப் போடுவாங்களா யாராச்சும்?”

“மில்லுக்குத் தீ இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்கல்லங்க?”

சுற்றி நின்றவர்களில் இருவர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. இதை மறக்க மாட்டார். நானும் மறக்கிறவனில்லை.

ஏப்ரல் 19

யுகேந்திரன் குதித்து இறங்கும்போது எடை முழுவதும் இடது காலில் விழுகிறது. வலது கால் பேருக்குத் தரையைத் தொடுகிறது. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். இந்த வயதில் எல்லாருக்கும் ஒன்றுமில்லைதான்.

சீட்டில் அவன் பெயர் வந்தது. போய் உட்கார்ந்தான்.

ஏப்ரல் 20

இன்றும் அவன் பெயர்தான் வந்தது.

ஏப்ரல் 21

இன்றும்.

பயிற்சி முடிந்து பாசித் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். “மாஸ்டர், உள்ள இருக்கற பன்னெண்டுலயும் ஒரே பேருதானுங்களா?”

பந்துகளை எண்ணிப் பையில் போடச் சொன்னேன். தொப்பியை வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொண்டேன். குலுக்கல் என்றால் அப்படித்தான், வருகிற பெயர் வரும்.

ஏப்ரல் 23

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு யுகேந்திரனைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் அவனால் முட்டியை மடக்க முடியவில்லை; கடைசி சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். லிகமென்ட்டில் கிழிசல். அறுவை வேண்டாம், எட்டு வாரம் குதிக்காமல் இருந்தால் தானே சேர்ந்துவிடும், குதித்தால் முழுதும் போகும் என்றார் மருத்துவர்.

ஜூலையில் அவனுக்கு ஒரு பொதுத்துறை நிறுவன அணிக்கான தேர்வு இருக்கிறது. எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறார். வெயில் காலத்தில் வியாபாரம், மழைக் காலத்தில் கவலை. ஜூலைக்குள் முட்டி சேர்ந்துவிடும். மே இருபத்தைந்து இறுதி ஆட்டத்தில் அவன் குதிக்காமல் இருந்தால்.

திரும்பும்போது கெஞ்சினான். “ஃபைனல் மட்டும் ஆடிக்கறனுங்க மாஸ்டர். செலக்சன்காரங்க பாக்க வருவாங்கன்னு தலைவர் சொன்னாருங்க.”

“வந்தா என்னத்தப் பாப்பாங்க? உன்னத் தூக்கிட்டுப் போறதையா?”

ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணைத் துடைத்தானா என்பதை நான் கவனிக்கவில்லை.

மே 7

தலைவருக்குத் தெரிந்துவிட்டது. மில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“பேர எழுதி எழுதிப் போட்டா நடக்காமப் போகுமா? அவம்பேரு மட்டும் வரிசையா மூணு நாளு வந்துச்சாமா. ஏனுங்க, அவன் மேல உங்களுக்கு என்ன காண்டு?”

தற்செயலுக்கு விளக்கம் கிடையாது.

சீட்டுப் போடக்கூடாது என்று உத்தரவு. மாலையில் ஆள் அனுப்பி இரண்டு கூடைக்கும் கீழே பூசணிக்காய் உடைத்தார்கள். தளத்தில் வழுக்காமல் இருக்க அதை நானும் பையன்களும் சேர்ந்து கழுவினோம். இந்த ஊரில் ஒரு முட்டியைக் காப்பாற்றுவதற்குள் பதினோரு பையன்கள் வழுக்கி விழுந்துவிடுவார்கள்.

மே 9

சீட்டை நிறுத்திவிட்டேன். இப்போது நான் விசில் ஊதியதும் பாசித் ஏதாவது ஒரு பெயரைக் கத்துகிறான். உத்தரவு சீட்டுக்குத்தான்.

யுகேந்திரன் தினமும் வருகிறான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, தன் இடத்தில் நிற்கும் மாதேஷிடம் கத்திக்கொண்டே இருக்கிறான். “கையத் தூக்குடா. உனக்குக் கை இருக்கறதே அவனுக்குத் தெரியலடா.” மாதேஷ் பாலிடெக்னிக் மாணவன், பாசித்தை விட ஒரு சாண் உயரம், யுகேந்திரனை விட ஒரு சாண் குட்டை. போன வருடம் முழுவதும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவன்.

மே 16

கோகிலா கேட்டாள்: “அந்தப் பையன் ஆடாட்டி தோத்துருவீங்களா?”

“தோக்கலாம்.”

“தோத்தா உங்களத்தான சொல்லுவாங்க?”

“ஆமா.”

“செரி, நாளைக்கு முட்டை கூட ஒரு டஜன் வாங்கிட்டு வாங்க.”

மே 24

லீக்கில் ஒன்று வென்றோம், ஒன்று தோற்றோம். இன்று அரையிறுதியில் வென்றோம். எந்த ஆட்டமும் பார்க்க அழகாக இல்லை. எங்கள் பக்கம் பெரிய ஆட்டக்காரன் இல்லாததால் கூட்டத்துக்கு யார் பெயரைச் சொல்லிக் கத்துவது என்றே தெரியவில்லை. எதிரணியின் ஐந்து பேர் கடைசிக் கால்பகுதியில் இடுப்பில் கை வைத்து நின்றார்கள், என் பையன்கள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் போல ஓடினார்கள். பதினோரு பேரும் ஆடினார்கள். அரையிறுதியில் ஒருவனுக்கு விரல் பிசகியது. அவன் வெளியே வந்ததை எதிரணி கவனித்ததாகவே தெரியவில்லை.

தலைவர் என்னைத் தாண்டிப் போய் யுகேந்திரனின் தோளில் கை போட்டார். “நாளைக்கு நீ ரெடியா இரு சாமி.”

மே 26

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. கோபத்தில்தான்.

காலையில் தலைவர் சொன்னார்: “தெரிஞ்ச டாக்டர் வர்றாரு. சாயங்காலம் முட்டியில ஒரு ஊசி. ரெண்டு மணி நேரம் வலியே தெரியாதாமா. அமைச்சர் வர்றாரு, போஸ்டருல பையன் மூஞ்சிதான் இருக்குது.”

“வலி தெரியாதுங்கறதுதானுங்க ஆபத்து. எப்ப நிறுத்தணும்னு அவனுக்குச் சொல்றதுக்கு வேற என்ன இருக்குது? அவன் எறங்க மாட்டானுங்க.”

“அப்ப நீங்க எறங்கிக்குங்க மாஸ்டர்.”

பதினெட்டு வருடம் இந்த ஒரே வாக்கியத்தில் முடிந்தது. பயிற்சியாளர் நாற்காலியில் தானே உட்காரப்போவதாகச் சொன்னார்.

வெளியே யுகேந்திரன் நின்றிருந்தான். கெஞ்சவோ மிரட்டவோ எனக்குத் தெம்பில்லை. “ஊசி போட்டா வலி போகும். கிழிசல் போகாது. அப்புறம் உன் இஷ்டம்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஆடிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரியில் போய் உட்கார்ந்தேன். கோகிலாவும் வந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் பார்க்க வந்த முதல் ஆட்டம். “நாலு பேருக்கு ஆக்கிப் போட்டிருக்கறேன், நான் பாக்க வேண்டாமா?”

யுகேந்திரன் ஜெர்சியோடு வந்தான். தலைவர் ஐந்து பெயர்களைச் சொன்னார், முதல் பெயர் அவனுடையது. அவன் எழுந்திருக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். தலைவர் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவன் என்ன பதில் சொன்னான் என்பதைப் பிறகு பாசித்திடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: “இன்னைக்குக் காயம் நானுங்க. ஊசிக்காரர வேற யாருக்காச்சும் போடச் சொல்லுங்க.”

அமைச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரால் கத்த முடியவில்லை. மாதேஷ் இறங்கினான்.

எதிரணியில் மாநில அணிக்கு ஆடியவர்கள் இரண்டு பேர். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆனது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரை எப்போது மாற்றுவது என்பது அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியவில்லை. அப்போது பாசித் தானாக எழுந்தான். நேராக மேஜைக்கு நடந்துபோய்க் கையால் சைகை காட்டினான், உள்ளே போனான். அடுத்து இன்னொருவன் எழுந்தான். மாதேஷுக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்ததும், நான் ஏப்ரலில் சொல்லி வைத்தவன், யாரும் சொல்லாமலே போய் மேஜையருகில் நின்றான்.

தலைவர் குரல் கேலரி வரை கேட்டது. “டேய், யாருடா உன்னப் போகச் சொன்னா?”

யுகேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, “விதிங்க தலைவரே. போறவன்தான் கேக்கணும்” என்றான்.

பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். அது ஒன்பதானது, நான்கானது, ஒன்றானது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கோகிலா என் முழங்கையை அழுத்திப் பிடித்திருந்தாள், இன்னும் வலிக்கிறது. கடைசி வீச்சு பாசித்துடையது. தன்னைவிட ஓர் அடி உயரமானவனை முதுகால் தள்ளிவிட்டுத் திரும்பி எறிந்தான். பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது.

ஒரு புள்ளியில் தோற்றோம். இதைத் தோல்வி என்று நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. தங்களில் மிக உயரமானவன் இல்லாமல், கோச் இல்லாமல், கோச் நாற்காலியில் இருந்தவரையும் மீறி, மாநில ஆட்டக்காரர்களைக் கடைசி மூச்சு வரை ஓட வைத்த பதினோரு பேர். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பரிசளிப்பில் தலைவர் மைக்கைப் பிடித்தார். “ஒரு சிலரோட வாய் முகூர்த்தத்தால, நம்ம பொன்விழாக் கோப்பை கைய உட்டுப் போச்சுங்க.” ஊர் கைதட்டியது.

மே 27

கடைத்தெருவில் யாரும் என்னிடம் நேரம்கூடக் கேட்கவில்லை. தையல் மெஷினைத் திரும்ப எடுத்து வந்தேன்.

ஜூன் 20

யுகேந்திரனை மருத்துவர் பார்த்தார். முட்டி சேர்ந்துவிட்டது. மெதுவாக ஓடலாம் என்றார். கல்லூரி மைதானத்தில் ஓடுகிறான். நான் அங்கே வேலை பார்க்கிறேன், அதனால் பார்க்க நேர்கிறது.

ஜூலை 10

யுகேந்திரன் போன் செய்தான். தேர்வில் எடுத்துவிட்டார்கள். முதலில் என்னிடம்தான் சொல்கிறானாம், அப்பாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டுமாம். “போய் அவருகிட்டச் சொல்றா மொதல்ல” என்று திட்டி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் உடல் தகுதிப் பரிசோதனை. அது முடிந்தால் ஆர்டர்.

ஜூலை 13

கழகத்தின் செய்தி மடல் வந்திருக்கிறது. ‘ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பயமுறுத்தியதால் நேர்ந்த பின்னடைவு’ என்று ஒரு பத்தி. ஆகஸ்டில் அடுத்த முகாமாம். ஏழெட்டுப் பேர் போதுமாம். வலிக்கு ஊசி போட மருத்துவர் உடனிருப்பாராம். அதைப் பெரிய வசதியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்துவிட்டேன். மாநிலம் முழுவதும் கூடைப்பந்துக்காரர்கள் எழுதும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. கோச்சுகள் படிக்கிறார்கள், பையன்களின் அப்பாக்களும் படிக்கிறார்கள்.

“பேரப் போடுங்க. எதுக்குப் பயம்?” என்றாள் கோகிலா.

பயமில்லை. பதினெட்டு வருடமாக எங்காவது ஓரிடத்தில் என் பெயரைச் சரியாக அச்சடிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். இதில் போடத்தான் கை வந்தது. போட்டும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் பெயர் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் போஸ்டரில் இருந்த பையன் யாரென்று தெரியும். அவன் தெரிந்தால், பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவன் முட்டி தெரியும். குணமான முட்டிக்கு ஜாதகம் எதற்கு?

“அப்ப ஆர்டர் வந்த பொறவு போடுங்க.”

“அதுக்குள்ள ஆகஸ்டு முகாம்ல எவனுக்காவது ஊசி போட்டிருப்பாங்க.”

பெயரை அழித்தேன். பையன்கள் எல்லாருக்கும் வேறு பெயர் வைத்தேன், கோகிலாவுக்கும். தலைவருக்கும் வைக்க வேண்டியிருந்தது; அவருக்குக் கொஞ்சம் நல்ல பெயராகவே அமைந்துவிட்டது, அந்த ஒரு வருத்தம்தான்.

எழுதியவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அப்படியே அனுப்பப் போகிறேன். முதல் பத்தியிலேயே தலைவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும். இதில் வருகிற தலைவர் நான்தான் என்று அவரே வந்து சொல்லட்டும்.